முகம் சுளிக்காத சிறுமலர்

1897-ம் ஆண்டு. கோடைக்காலம். பிரான்சு நாட்டில் லிசியே என்று ஒரு சிறிய ஊர். அந்த ஊரில் ஒரு கன்னியர் மடம். மடத்தில் நோயாளிகளுக்கென்று இருந்த அறையில் 24 வயதுக் கன்னியாஸ்திரீ ஒருவர் படுத்துக் கிடந்தார். காசநோய் அவரை அரித்துக் கொண்டிருந்தது. இனிப் பிழைக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்துபோனால், மடத்துத் தலைவி அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதுவார். அதை மற்ற ஊர்களில் உள்ள மடங்களுக்குக் கடிதமாக அனுப்பி வைப்பார்.

இந்த இளம் பெண்ணைப் பற்றி அப்படி என்ன எழுத முடியும்? மடத்தில் இருந்த ஒரு கன்னியாஸ்திரீக்கே அந்தச் சந்தேகம் வந்தது. வந்தார், இருந்தார், இறந்தார். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார்.

அந்த நோயாளியின் பெயர் தெரசா. இன்று உலகமெங்கும் அவரைச் சிறுமலர் தெரசா என்று அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் சிறுமலர் என்ற பெயரில் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன அல்லவா? அந்தச் சிறுமலர் இவர்தான். கல்கத்தாவில் ஏழைகளுக்குத் தொண்டு செய்த அன்னை தெரசா, துறவறம் பூண்டபோது இவருடைய பெயரைத்தான் தமக்குச் சூட்டிக்கொண்டார்.

தெரசா ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர் அல்ல. ஆஸ்பத்திரி கட்டியவர் அல்ல. ஒரே வீட்டில், சுமார் 25 பெண்களோடு ஒன்பதரை ஆண்டுகள் வாழ்ந்தார். எரிச்சல் மூட்டியவர்களிடமும் முகம் சுளிக்காமல் வாழ்ந்தார். அவ்வளவுதான்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்பது, நாலு பேர் உள்ள வீட்டில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

கடைக்குட்டி

தெரசா 1873-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி பிரான்சு நாட்டில் அலான்சோன் என்ற ஊரில் பிறந்தாள். தகப்பனார் லூயி மார்ட்டின், கடிகாரத் தொழில் செய்தவர். தாயார் ஸெலி, லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். அலான்சோன் லேஸ் அந்த நாளில் பேர்போன சரக்கு.

அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஒன்பது. நாலு குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துவிட்டன. மிஞ்சியவர்கள் ஐந்து பெண்கள். மரி, பவுலின், லியோனி, செலின், தெரசா. தெரசாதான் கடைக்குட்டி. தகப்பனாருக்கு அவள் சின்ன ராணி.

கடைக்குட்டி என்றால் செல்லம் உண்டு. செல்லம் இருந்தால் பிடிவாதமும் உண்டு. தெரசா முடியாது என்று சொல்லிவிட்டால் யாராலும் அவளை மாற்ற முடியாது. நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுவாள். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை அம்மா என்று கூப்பிடுவாள். தாய் பதில் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தப் படியிலேயே நின்றுவிடுவாள். மேலேயும் போகமாட்டாள், கீழேயும் வரமாட்டாள்.

லேஸ் வேலைக்கும் குடும்ப வேலைக்கும் நடுவே அந்தத் தாய் படிக்கு ஒரு பதில் சொல்லிக் கொண்டிருந்தார்.

லியோனியின் கதை

அந்த வீட்டில் உண்மையிலேயே தொல்லை தந்த பிள்ளை ஒருத்தி இருந்தாள். அவள் மூன்றாவது பெண் லியோனி. சொன்ன பேச்சைக் கேட்கமாட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்பாகச் சொல்லிப் பார்த்தார்கள். கண்டித்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. தாய் மனம் நொந்து போனார்.

1877-ம் ஆண்டில்தான் குட்டு வெளிப்பட்டது. வீட்டு வேலைக்காரி ஒருத்தி, பெற்றோருக்குத் தெரியாமல் லியோனியை மிரட்டி அடக்கி வைத்திருந்தாள். அந்தப் பயத்தில்தான் அந்தப் பெண் யாரிடமும் ஒட்டாமல் முரண்டு பிடித்தாள். விஷயம் தெரிந்ததும் தாய் அந்தப் பிடியிலிருந்து மகளை விடுவித்தார். லியோனி தாயிடம் ஒட்டிக்கொண்டாள்.

ஆனால் காலம் கடந்துவிட்டது. தாய்க்கு மார்பில் புற்றுநோய். அதே ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி அவர் இறந்துபோனார். தெரசாவுக்கு அப்போது வயது நாலரை.

ஒருவர் நமக்கு எரிச்சல் மூட்டுகிறார் என்றால், அவருக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத புண் ஒன்று இருக்கக் கூடும். மார்ட்டின் குடும்பம் அதை இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டது.

அழுமூஞ்சிப் பெண்

மனைவி போன பிறகு லூயி மார்ட்டின் ஐந்து பெண்களையும் அழைத்துக்கொண்டு லிசியே ஊருக்குக் குடிவந்தார். அங்கே அவருடைய மைத்துனர் மருந்துக்கடை வைத்திருந்தார்.

தாயை இழந்த தெரசா அடியோடு மாறிவிட்டாள். பிடிவாதம் போயிற்று. ஆனால் அழுகை வந்தது. யாராவது ஏறிட்டுப் பார்த்தாலே கண் கலங்கும். அக்காள் பவுலினைத் தன் இரண்டாவது தாயாக எண்ணியிருந்தாள். 1882-ல் பவுலின் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டார். தாயை இரண்டாவது முறையாக இழந்தது போல் ஆகிவிட்டது தெரசாவுக்கு. அடுத்த ஆண்டு அவள் கடும் நோயில் விழுந்து பிழைத்தாள்.

வீட்டில் எல்லோரும் அவளைத் தாங்கினார்கள். தாங்கத் தாங்க அழுகையும் வளர்ந்தது. எப்போதாவது படுக்கையைத் தட்டிப் போடுவாள். அல்லது செலினின் பூந்தொட்டிகளைச் சாயங்காலம் உள்ளே எடுத்து வைப்பாள். அதைப் பார்த்து செலின் ஆச்சரியப்பட வேண்டும், மகிழ வேண்டும். செலின் கவனிக்காமல் போனால் அழுகை வந்துவிடும். பிறகு, அழுதுவிட்டோமே என்று நினைத்து மறுபடியும் அழுவாள்.

அந்த நாளில் தான் மற்றவர்களால் சகிக்க முடியாத பெண்ணாக இருந்ததாகத் தெரசாவே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். பிறருடைய தொல்லையைப் பொறுப்பதில் பேர் வாங்கியவர், முதலில் தாமே பிறருக்குத் தொல்லையாக இருந்தவர்தான்.

கிறிஸ்துமஸ் இரவு

1886-ம் ஆண்டு கிறிஸ்துமஸ். தெரசாவுக்கு 14 வயது நிரம்ப இன்னும் சில நாட்களே இருந்தன.

பிரான்சு நாட்டில் ஒரு பழக்கம். கிறிஸ்துமஸ் இரவில் குழந்தைகள் தங்கள் காலணிகளைக் கணப்படுப்பின் அருகே வைப்பார்கள். பெரியவர்கள் அதில் பரிசுப் பொருள்களைப் போட்டு வைப்பார்கள். தெரசா வளர்ந்த பிறகும் செலின் அவளுக்காக இந்த வழக்கத்தை விடாமல் வைத்திருந்தாள்.

நடுநிசிப் பூசை முடிந்து குடும்பத்தார் வீடு திரும்பினார்கள். தகப்பனார் களைத்துப் போயிருந்தார். அந்தக் காலணிகளைப் பார்த்ததும் அவருக்குச் சலிப்பு வந்தது. நல்ல வேளை, இந்த ஆண்டோடு இந்த வேலை முடிந்தது என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டார். மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த தெரசாவின் காதில் அது விழுந்தது.

கண்ணில் நீர் முட்டியது. செலினுக்குத் தங்கையைத் தெரியும். இப்போது கீழே போகாதே, போனால் அழுதுவிடுவாய் என்று தடுத்தாள்.

ஆனால் அன்று நடந்தது வேறு. தெரசா கண்ணீரை விழுங்கினாள். படபடத்த நெஞ்சை அடக்கிக்கொண்டு கீழே ஓடினாள். தகப்பனார் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பரிசாக எடுத்து மகிழ்ச்சியோடு காட்டினாள். தகப்பனாரின் சலிப்புப் பறந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார். செலினால் நம்பவே முடியவில்லை.

பத்து ஆண்டு முயன்றும் தன்னால் முடியாததைக் கடவுள் ஒரு நிமிஷத்தில் செய்து முடித்தார் என்று தெரசா நம்பினாள். தன்னை மறந்து பிறரை மகிழ்விக்க வேண்டும் என்ற ஆசை அன்று இரவு உள்ளே நுழைந்தது என்று அவள் கருதினாள்.

போப்பாண்டவரிடம் முறையீடு

மூத்த அக்காள் மரியும் 1886-ல் பவுலின் இருந்த மடத்தில் சேர்ந்திருந்தார். தெரசாவும் அங்கே போக விரும்பினாள். இந்த வயதில் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

தெரசா விடவில்லை. தகப்பனாரோடு மேற்றிராணியாரைப் பார்க்கப் போனாள். பெரிய பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று கூந்தலைத் தூக்கி முடிந்துகொண்டு போனாள். அங்கும் அனுமதி உடனே கிடைக்கவில்லை.

1887 நவம்பரில் ரோமாபுரிக்கு யாத்திரை போனார்கள். 20-ந் தேதி போப்பாண்டவர் 13-ம் லியோவைத் தரிசிக்கும் பாக்கியம் கிடைத்தது. யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. தெரசா அவர் காலடியில் மண்டியிட்டாள். 15 வயதில் மடத்தில் சேர அனுமதி வேண்டும் என்று கேட்டே விட்டாள். மேலதிகாரிகள் சொல்கிறபடி செய் என்றார் போப்பாண்டவர். தெரசா எழுந்திருக்கவில்லை. காவலர்கள் தூக்கித்தான் வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

கடைசியில் அனுமதி கிடைத்தது. 1888-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி மடத்தின் கதவு அவளுக்காகத் திறந்தது. உள்ளே போனதும் மூடிக்கொண்டது. அப்போது வயது 15 ஆண்டும் மூன்று மாதமும். கடைக்குட்டி தெரசா, அன்று முதல் சகோதரி தெரசா ஆனார்.

பூட்டிய வீடு

அது கார்மேல் சபையைச் சேர்ந்த மடம். உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. விருந்தினரைக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்துதான் பார்க்கலாம். நாளின் பெரும்பகுதி மௌனம். பேசிச் சிரிக்க ஒதுக்கிய நேரம் கொஞ்சம். இறைச்சி கிடையாது. குளிர்காலத்தில் கணப்பு மூட்டும் அறை ஒன்றே ஒன்று. இரவுக் குளிரில் சாகும் அளவுக்குத் துன்பப்பட்டதாகத் தெரசா கடைசி நாட்களில்தான் வெளியே சொன்னார்.

குளிரைவிடக் கடினமானது கூட்டு வாழ்க்கை. சுமார் 25 பெண்கள். கிழவிகள், இளம் பெண்கள், நோயாளிகள், முன்கோபக்காரிகள், படித்தவர்கள், படிக்காதவர்கள். காலையில் கண் விழித்தால் அதே முகங்கள். இரவில் கண் மூடும் வரை அதே முகங்கள். பிடிக்காவிட்டால் வேறு தெருவுக்குக் குடிபோக முடியாது.

தெரசாவும் குற்றம் இல்லாத வேலைக்காரி அல்ல. வீட்டில் வேலை செய்து பழகாத பெண். மெதுவாகத்தான் வேலை ஓடும். ஒரு முறை நடைபாதையைப் பெருக்கியவர் ஒட்டடை ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். 15 வயதுக் குழந்தை பெருக்கினால் இப்படித்தான் இருக்கும் என்று மடத்துத் தலைவி எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டார். ஜெப நேரத்தில் தெரசா தூங்கி விழுவதும் உண்டு. குழந்தை தூங்கினாலும் பெற்றவர்களுக்கு அதன் மேல் பாசம் குறையாது என்று தம்மைத் தேற்றிக்கொள்வார்.

1889-ல் பெரிய அடி விழுந்தது. தகப்பனாருக்கு மூளைக் கோளாறு ஏற்பட்டது. பிப்ரவரி 12-ந் தேதி அவரைக் காயேன் நகரத்து மனநோய் மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் அங்கே இருந்தார். சின்ன ராணியால் ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்க முடியவில்லை. 1894-ல் அவர் இறந்தார்.

இந்த வேதனையெல்லாம் நெஞ்சில் இருக்கும்போதுதான், அற்ப விஷயங்கள் தினமும் அவரைச் சோதித்தன.

பிடிக்காத சகோதரி

மடத்தில் ஒரு சகோதரி இருந்தார். அவருடைய நடை, பேச்சு, குணம் எதுவும் தெரசாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல. பக்தியுள்ளவர்தான். ஆனாலும் பார்த்தாலே தெரசாவுக்கு வெறுப்பு வந்தது.

தெரசா தம் மனத்தோடு சண்டை போட்டார். அன்பு என்பது உள்ளத்தில் எழும் உணர்ச்சி மட்டும் அல்ல; அது செயலில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். உணர்ச்சி நம் கையில் இல்லை. செயல் நம் கையில் இருக்கிறது.

ஆகவே தமக்கு மிகவும் பிரியமான ஒருவருக்கு என்ன செய்வாரோ அதையெல்லாம் அந்தச் சகோதரிக்குச் செய்தார். எதிரே வந்தால் அவருக்காகக் கடவுளை வேண்டினார். உதவி செய்யச் சந்தர்ப்பம் தேடினார். சுடச்சுடப் பதில் சொல்ல நாக்குத் துடிக்கும்போது, புன்சிரிப்போடு பேச்சை மாற்றினார். சிரிக்கவும் முடியாத அளவுக்குக் கோபம் வந்தால், ஏதாவது வேலை இருப்பது போல் அங்கிருந்து போய்விடுவார்.

ஒரு நாள் அந்தச் சகோதரி முகமெல்லாம் மகிழ்ச்சியோடு தெரசாவிடம் வந்தார். என்னிடம் உனக்கு என்ன பிடித்திருக்கிறது, எப்போது பார்த்தாலும் சிரிக்கிறாயே என்று கேட்டார். தெரசா புன்னகை செய்தார். உங்களைப் பார்ப்பதே மகிழ்ச்சி என்றார். அவருடைய ஆத்துமாவுக்குள் இருக்கும் ஏசுநாதரைத்தான் தெரசா நினைத்துச் சொன்னார். அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம்

மௌன ஜெபத்தில் தெரசாவுக்குப் பின்னால் இன்னொரு சகோதரி உட்காருவார். உட்கார்ந்த உடனே விசித்திரமான ஒரு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். இரண்டு கிளிஞ்சல்களை ஒன்றோடொன்று உரசுவது போன்ற சத்தம். மற்ற யார் காதிலும் அது விழவில்லை. தெரசாவின் காது மிகவும் கூர்மையானது.

திரும்பி ஒரு பார்வை பார்த்தால் சத்தம் நின்றுவிடும். ஆனால் அந்தச் சகோதரி வெட்கப்படுவார். ஆகவே தெரசா திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் வியர்த்தது. ஜெபமும் ஓடவில்லை.

பிறகு ஒரு வழி தோன்றியது. சத்தத்தைக் கேட்காமல் இருக்க முயன்றால்தானே துன்பம்? அதையே உன்னிப்பாகக் கேட்டால் என்ன? அது ஒரு சங்கீதக் கச்சேரி என்று வைத்துக்கொண்டார். அந்தக் கச்சேரியைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கினார். அன்றைய ஜெபம் அதுதான்.

அழுக்குத் தண்ணீர்

துணி துவைக்கும் இடத்திலும் சோதனை இருந்தது. எதிரே நின்ற சகோதரி கைக்குட்டைகளைத் தூக்கும்போதெல்லாம் அழுக்குத் தண்ணீர் தெரசாவின் முகத்தில் தெறிக்கும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கவனம் இல்லாதவர்.

பின்னால் நகர்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டால் போதும். எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும். முதலில் தெரசாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அது மௌனமாகச் செய்யும் கண்டனம் அல்லவா? அவர் நகரவில்லை. கோவிலில் தெளிக்கும் தீர்த்தம் போல அதை ஏற்றுக்கொள்ளப் பழகினார். கொஞ்ச நேரத்தில் அந்த இடமே பிடித்துப் போய்விட்டது. முடிந்த போதெல்லாம் அங்கேயே வந்து நிற்பது என்று தீர்மானித்தார்.

கிழவியின் முகத்தில் சிரிப்பு

மடத்தில் ஒரு வயதான சகோதரி. உடம்பு முடியாதவர். அவரைத் திருப்திப்படுத்த யாராலும் முடியாது. தினமும் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தெரசா அந்த வேலையைத் தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நேரம் ஆனதும் கிழவி மணல் கடிகாரத்தை ஆட்டுவார். கிளம்பு என்று அர்த்தம். பின்னால் இருந்து அவருடைய இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். கொஞ்சம் வேகமாக நடந்தால், விழப் போகிறேன் என்பார். மெதுவாக நடந்தால், உன் கையையே காணோமே, விட்டுவிட்டாயா என்பார். இந்தச் சின்னப் பெண்ணிடம் ஒப்படைத்தது தவறு என்றும் சொல்வார்.

சாப்பாட்டு அறையில் அவரைப் பக்குவமாக உட்கார வைத்து, சட்டைக் கைகளை அவர் விரும்புகிற மாதிரியே மடித்துவிட வேண்டும். அதோடு தெரசாவின் வேலை முடிந்தது. ஆனால் கிழவி ரொட்டியைத் துண்டு போடக் கஷ்டப்படுவதைத் தெரசா கவனித்தார். யாரும் சொல்லாமலே அதையும் செய்தார். செய்து முடித்து, போவதற்கு முன் ஒரு புன்சிரிப்புச் சிரித்தார்.

கிழவியின் மனத்தை வென்றது அந்தப் புன்சிரிப்புதான்.

ஒரு குளிர்கால இரவு. தெரசா அந்தக் கிழவியை நடத்திச் சென்று கொண்டிருந்தார். எங்கோ தூரத்தில் இன்னிசை கேட்டது. விளக்குகள் எரியும் மாளிகையும், பட்டு உடுத்திய பெண்களும் அவர் கற்பனையில் வந்து போனார்கள். பக்கத்தில் பார்த்தால் நோயாளிக் கிழவியின் முனகல். ஆயிரம் ஆண்டு மாளிகை வாழ்வு கொடுத்தாலும் இந்தப் பத்து நிமிஷத் தொண்டுக்கு ஈடாகாது என்று அவருக்குத் தோன்றியது.

ஓடிப்போன தெரசா

எப்போதும் அவருக்கு வெற்றிதான் என்று நினைக்கக் கூடாது. தோற்றுப்போகும் நேரமும் வந்தது.

ஒரு முறை மடத்துத் தலைவிக்கு உடம்பு சரியில்லை. கோவில் தடுப்பின் சாவிகளை அவரிடம் கொடுக்கத் தெரசா போனார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தெரசா சத்தம் போட்டு எழுப்பிவிடுவார் என்று பயந்து, இன்னொரு சகோதரி சாவியை வாங்க வந்தார். கொடுப்பது தம் கடமை என்று தெரசா கொடுக்க மறுத்தார். இந்த இழுபறியில் தலைவி விழித்துக்கொண்டார்.

பழி முழுவதும் தெரசா மேல் விழுந்தது. அந்தச் சகோதரி நீளமாகக் குற்றம் சாட்டினார். பதில் சொல்லத் தெரசாவுக்கு வாய் துடித்தது. வாதாடினால் மன அமைதி போய்விடும். சும்மா நின்று கேட்கவும் பலம் இல்லை. ஆகவே ஒரு வார்த்தையும் பேசாமல் அங்கிருந்து நழுவிவிட்டார். நெஞ்சு படபடத்தது. தூரப் போக முடியாமல் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இது வீரம் அல்ல என்று தெரசாவே ஒப்புக்கொண்டார். ஆனால் தோற்பது நிச்சயம் என்று தெரிந்தால், சண்டை போடுவதைவிட ஓடிவிடுவது மேல் என்பது அவருடைய அனுபவப் பாடம்.

நாம் போடும் தப்புக் கணக்கு

இன்னொரு நாள். எல்லோரும் கூடிப் பேசிக்கொண்டிருந்த நேரம். வாசல் காக்கும் சகோதரி வந்து, ஒரு வேலைக்கு உதவியாக ஒருவர் வேண்டும் என்றார். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வேண்டிய மரங்களை உள்ளே கொண்டுவரும் வேலை. தெரசாவுக்குப் போக ஆசை. பக்கத்தில் இருந்த சகோதரிக்கும் ஆசை இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் முந்திக்கொள்ளட்டும் என்று, தம் மேல்துணியை வேண்டுமென்றே மெதுவாக அவிழ்த்தார்.

வாசல் சகோதரி அதைப் பார்த்துச் சிரித்தார். நீ இவ்வளவு மெதுவாகக் கிளம்பும்போதே, இந்தப் புண்ணியம் உனக்கு இல்லை என்று நினைத்தேன் என்றார். தெரசாவுக்கு வேலை செய்ய மனம் இல்லை என்று மற்றவர்களும் நினைத்தார்கள்.

தெரசா கோபப்படவில்லை. யோசித்தார். நான் நல்லது நினைத்துச் செய்தது இவர்கள் கண்ணுக்குக் குறையாகத் தெரிந்தது. அப்படியானால் பிறரிடம் நான் காணும் குறையும் ஒருவேளை நல்லதாக இருக்கலாம் அல்லவா? அன்று முதல் யாரைப் பற்றியும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை என்று உறுதி செய்துகொண்டார்.

தம் குறைகளைக் கேட்கவும் அவர் பயப்படவில்லை. புதிதாக மடத்தில் சேர்ந்த பெண்களுக்கு வழிகாட்டும் வேலை 1893-ல் அவருக்கு வந்தது. உங்கள் நடத்தையில் இன்னது பிடிக்கவில்லை என்று அந்தப் பெண்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். தெரசா அவர்களைத் தடுக்கவில்லை. எப்போதும் புகழ்ச்சியையே கேட்டால் இனிப்பு போல் திகட்டிவிடும். காடி ஊற்றிய பச்சைக் கீரையும் வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசி நாட்கள்

1896 ஏப்ரல். பெரிய வியாழன் இரவு தெரசா முதல் தடவையாக ரத்தம் கக்கினார். காசநோய் வந்துவிட்டது. அந்த நாளில் அதற்கு மருந்து கிடையாது.

இதற்கு முன்பே, அக்காள் பவுலின் மடத்துத் தலைவியாக இருந்தபோது, சிறுவயது நினைவுகளை எழுதும்படி தெரசாவுக்குக் கட்டளையிட்டிருந்தார். 1897 ஜூனில் மறுபடியும் எழுதும்படி உத்தரவு வந்தது. தகப்பனார் கடைசிக் காலத்தில் உட்கார்ந்த சக்கர நாற்காலி மடத்துக்கு வந்திருந்தது. அதில் உட்கார்ந்து தோட்டத்து நிழலில் எழுதினார்.

ஏசுநாதர் தம் சீடர்களிடம், நான் உங்களை நேசித்தது போல் நீங்கள் ஒருவரையொருவர் நேசியுங்கள் என்று கட்டளையிட்டார். அந்தச் சீடர்கள் யார்? படிக்காத மீனவர்கள். குறை உள்ளவர்கள். குறையோடுதான் அவர் அவர்களை நேசித்தார். பிறருடைய குறைகளைக் கண்டு திகைக்காமல் சகித்துக்கொள்வதுதான் அன்பு என்று தெரசாவுக்கு அப்போது விளங்கியது. அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

எழுத விட்டார்களா? பத்து வரி எழுதுவதற்குள் ஒரு சகோதரி வருவார். நலம் விசாரிப்பார். அவர் போனதும் இன்னொருவர் வருவார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தெரசா சிரித்த முகத்தோடு பேசுவார். அன்பைப் பற்றி எழுதுகிறோம், அதைச் செய்து காட்ட இவர்கள் சந்தர்ப்பம் தருகிறார்கள் என்று எண்ணிக்கொள்வார்.

விரைவில் பேனா பிடிக்கவும் பலம் போய்விட்டது. பென்சிலால் எழுதினார். பிறகு அதுவும் முடியவில்லை. 1897 செப்டம்பர் 30-ந் தேதி மாலை அவர் உயிர் பிரிந்தது. வயது 24.

ஊர் ஊராகப் போன கடிதம்

மற்ற மடங்களுக்கு என்ன எழுதுவது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. வழக்கமான சுருக்கக் கடிதத்துக்குப் பதிலாக, தெரசா எழுதி வைத்ததையே புத்தகமாக அச்சிட்டு அனுப்பினார்கள். ஓர் ஆன்மாவின் வரலாறு என்பது அந்தப் புத்தகம். 1898-ல் முதலில் 2,000 பிரதிகள் போட்டார்கள். பிறகு அது பல மொழிகளில் உலகத்தைச் சுற்றி வந்தது.

1925 மே 17-ந் தேதி போப்பாண்டவர் 11-ம் பயஸ், தெரசாவைப் புனிதர் என்று அறிவித்தார். 1997-ல் போப்பாண்டவர் 2-ம் ஜான் பால், திருச்சபையின் பேராசிரியர்கள் வரிசையில் அவரைச் சேர்த்தார். தெரசாவின் பெற்றோரும் 2015-ல் புனிதர்களாக அறிவிக்கப்பட்டனர். வீட்டுக்கே தொல்லையாக இருந்த லியோனி என்ன ஆனார்? அவரும் 1899-ல் கன்னியர் மடத்தில் சேர்ந்து நிலைத்துவிட்டார். 1941-ல் இறக்கும் வரை அமைதியாக வாழ்ந்தார்.

பார்த்தாலே தெரசாவுக்கு வெறுப்பு வந்த அந்தச் சகோதரியின் பெயரைத் தெரசா எழுதி வைக்கவில்லை. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அவர் இன்னார் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சகோதரி தெரசாவைப் பற்றித் தாமும் ஒரு நினைவுக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். அது எதைப் பற்றியது தெரியுமா? தமக்கும் தெரசாவுக்கும் இருந்த புனிதமான நட்பைப் பற்றியது.

ஒன்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், தாம் ஒருவருக்குப் பிடிக்காதவர் என்பது அந்தச் சகோதரிக்குத் தெரியவே இல்லை. தெரியாதபடி தெரசா நடந்துகொண்டார்.

நம் வீட்டிலும் சத்தம் போடுகிறவர் ஒருவர் இருப்பார். குறை சொல்லும் பெரியவர் ஒருவர் இருப்பார். தண்ணீர் தெறிக்க வேலை செய்கிறவர் ஒருவர் இருப்பார். அவர்கள் கணக்கில் நாமும் அப்படி ஒருவராக இருக்கலாம். நமக்குத் தெரியாமலே நம்மைப் பொறுத்துக்கொண்டு யாரோ ஒருவர் சிரித்துக் கொண்டிருக்கலாம்.